கூட்டாட்சி அரசியலமைப்பில் அதிகாரப் பட்டியலுக்கு முன்பே படிக்க வேண்டியவை

ஒரு கூட்டாட்சி நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது அதிகாரப் பட்டியலைத்தான். ராணுவம் யாரிடம், போலீஸ் யாரிடம், கல்வி யாரிடம் என்று பார்த்து, மத்தியில் இத்தனை மாநிலத்தில் இத்தனை என்று எண்ணி, இது பலமான கூட்டாட்சி, அது பலவீனமான கூட்டாட்சி என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பட்டியல் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் படித்து எந்த நாட்டின் கூட்டாட்சியையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பட்டியலை மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது யார், பட்டியலில் உள்ள வேலையைச் செய்யப் பணம் எங்கிருந்து வருகிறது, நெருக்கடி என்று சொல்லி ஒரு தரப்பு இன்னொரு தரப்பின் நாற்காலியில் உட்கார வழி இருக்கிறதா, இவ்வளவையும் படித்த பிறகுதான் பட்டியலுக்கே ஒரு பொருள் கிடைக்கிறது.

அடிப்படையிலிருந்து வருவோம். மாநில அரசுகள் இருந்துவிட்டால் மட்டும் ஒரு நாடு கூட்டாட்சி ஆகிவிடாது. மாநில அரசு தன் அதிகாரத்தை மத்திய அரசிடமிருந்து பெறுகிறதா, இல்லை இரண்டு அரசுகளும் ஒரே ஆவணத்திலிருந்து பெறுகின்றனவா என்று கேட்க வேண்டும். வட அயர்லாந்துக்கு 1921 முதல் சொந்த நாடாளுமன்றம் இருந்தது, சொந்தப் பிரதமர் இருந்தார், அரை நூற்றாண்டு அது நடந்தது. 1972-ல் லண்டன் நாடாளுமன்றம் ஒரே ஒரு சட்டத்தைப் போட்டு அதை முடக்கியது, அடுத்த ஆண்டு அடியோடு ஒழித்தது. வன்முறை உச்சத்தில் இருந்த காலம், லண்டனுக்குக் காரணங்கள் இருந்தன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில் இருந்தவர்கள் “இது எங்கள் அதிகாரம், நீங்கள் தொடக் கூடாது” என்று வழக்குப் போட ஒரு நீதிமன்றமும் இல்லை, கையில் பிடித்துக் காட்ட ஒரு வரியும் இல்லை. அந்த நாடாளுமன்றத்தை உண்டாக்கிய சட்டமும் லண்டன் போட்ட சாதாரணச் சட்டம்தான், போட்டவர்களே எடுத்துவிட்டார்கள். இரண்டு அரசுகளுக்கும் மேலே நிற்கிற, இரண்டில் எதுவும் தனியாகக் கை வைக்க முடியாத ஓர் எழுத்து இருந்தால்தான் கூட்டாட்சி.

அப்படி ஓர் எழுத்தை அமெரிக்கா கண்டடைந்தது ஒரு தோல்விக்குப் பிறகு. 13 மாநிலங்களும் சேர்ந்து 1781-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் ஒப்பந்தத்தில் மத்தியில் இருந்த காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. போர்க்கடனை அடைக்க மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. இறக்குமதிப் பொருட்கள் மீது 5 சதவீத வரி மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று காங்கிரஸ் கேட்டபோது, இருப்பதிலேயே சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 1782-ல் முடியாது என்றது. திட்டம் அத்தோடு படுத்துவிட்டது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் திருத்தக்கூட 13 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1787-ல் பிலடெல்பியாவில் கூடி எழுதிய புதிய அரசியலமைப்பு இந்த இரண்டையும்தான் சரிசெய்தது. மத்திய அரசு இனி மாநிலங்களின் வாசலில் நிற்காது, தன் சட்டத்தையும் வரியையும் நேரடியாக மக்கள் மீதே செலுத்தும். அப்புறம், திருத்தம் செய்ய எல்லோரும் வேண்டாம், நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் போதும். ஒரே ஆள், ஒரே வீடு, ஆனால் அவர் மீது சட்டம் போடும் உரிமை இரண்டு அரசுகளுக்கு, இரண்டும் நேரடியாக. இன்று நமக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. அன்று இறையாண்மையை இப்படிப் பங்கு போட முடியுமா என்றே படித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அமெரிக்கா மத்திய அரசின் அதிகாரங்களை மட்டும் எழுதிவைத்துவிட்டு, மீதி எல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று 1791-ல் பத்தாவது திருத்தத்தில் சொல்லிவிட்டது. கனடா 1867-ல் நேர் எதிராகச் செய்தது. பக்கத்து நாட்டில் உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, மாநிலங்களுக்கு அதிக இடம் கொடுத்ததுதான் அந்தப் போருக்குக் காரணம் என்று கனடாவை வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். அதனால் மாகாணங்களின் அதிகாரங்களை எண்ணி எழுதிவிட்டு எஞ்சியதை மத்திய அரசிடம் வைத்தார்கள். எழுத்தை மட்டும் படித்தால் அமெரிக்காவில் மாநிலங்கள் ஓங்கியிருக்க வேண்டும், கனடாவில் மத்திய அரசு ஓங்கியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்! இன்றைக்குக் கனடாவின் மாகாணங்கள் உலகத்திலேயே பலமான மாகாணங்களில் சேர்த்தி. அமெரிக்க மத்திய அரசு கைவைக்காத துறையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு விவசாயியின் வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒஹாயோ மாநிலத்தில் ராஸ்கோ பில்பர்ன் என்று ஒருவர். கோதுமை விலை விழாமல் இருக்க ஒவ்வொரு விவசாயியும் இவ்வளவுதான் விதைக்கலாம் என்று மத்திய அரசு அளவு வைத்திருந்தது, இவருக்குக் கிடைத்தது 11.1 ஏக்கர். இவர் 23 ஏக்கர் விதைத்தார். கூடுதலாக விளைந்த 239 புஷல் கோதுமைக்கு, புஷலுக்கு 49 செண்ட் வீதம் 117 டாலர் 11 செண்ட் அபராதம் வந்தது. அவர் வாதம் ரொம்ப எளிமையானது: கூடுதல் கோதுமை என் பண்ணைக்கும் என் மாடு கோழிகளுக்கும்தான், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தத்தானே அரசியலமைப்பு உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது, என் கோதுமை மாநில எல்லையைத் தாண்டவே இல்லையே? உச்ச நீதிமன்றம் 1942-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இவர் தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொண்டால் சந்தையில் வாங்க மாட்டார், இவரைப் போல எல்லோரும் செய்தால் நாடு முழுக்கக் கோதுமை விலை பாதிக்கும், ஆகவே இதுவும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தொடுகிறது என்பது காரணம். தர்க்கத்தில் குறை சொல்வது கஷ்டம். ஆனால் இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டால் எல்லைக்கோடு எங்கே என்பதும் தெரியாமல் போகிறது. 1995-ல் பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்த மத்தியச் சட்டத்தை ரத்து செய்யும் வரை, ஏறக்குறைய அறுபது வருடம் இந்த வணிகப் பிரிவின் பேரில் எந்த மத்தியச் சட்டமும் எல்லை மீறியது என்று அந்த நீதிமன்றம் சொல்லாமலேயே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

கனடாவுக்கு அந்தக் காலத்தில் இறுதி நீதிமன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். மாகாணங்களின் பட்டியலில் “சொத்தும் குடிமை உரிமைகளும்” என்று ஒரு தலைப்பு உண்டு, அந்த நீதிபதிகள் அதை அகலமாகப் படித்தார்கள், ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட எதுவும் மாகாணத்துக்குப் போயிற்று. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாதோருக்குக் காப்பீடு கொடுக்க ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசு 1935-ல் போட்ட சட்டம் 1937-ல் இதே காரணத்தால் செல்லாமல் போனது. அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மாகாணங்களோடு பேசி, அவற்றின் சம்மதத்தோடு, 1940-ல் அரசியலமைப்பையே திருத்தி வேலையின்மைக் காப்பீடு என்ற ஒரு தலைப்பை மத்தியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே பத்தாண்டில், அதே நெருக்கடியில், அமெரிக்காவில் அரசியலமைப்பின் ஓர் எழுத்தும் மாறவில்லை, நீதிமன்றத்தின் வாசிப்பு மாறியது. கனடாவின் வழி மெதுவானது, அந்த மூன்று வருடம் வேலை இழந்தவர்களுக்கு நீண்ட மூன்று வருடம். இருந்தாலும் எந்த அதிகாரம் எப்போது யார் சம்மதத்தோடு கை மாறியது என்பதற்கு அங்கே ஓர் எழுத்து இருக்கிறது, பின்னால் வருகிறவர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்க முடியும்.

இந்தியா மூன்று பட்டியல்களோடு 1950-ல் தொடங்கியது. ஒன்றியத்துக்கு 97, மாநிலங்களுக்கு 66, இருவருக்கும் பொதுவாக 47. பொதுப் பட்டியலில் இரண்டு சட்டங்கள் மோதினால் ஒன்றியத்தின் சட்டம் நிற்கும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் நிற்கலாம். எஞ்சியதும் ஒன்றியத்துக்குத்தான். ஆக, பொதுப் பட்டியல் என்று பேர் இருந்தாலும் அங்கே இருவருக்கும் சம இடம் இல்லை. ஒரு விஷயம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்ந்தால், மாநிலத்துக்கு அதில் இருந்த இறுதி முடிவு போய்விட்டது என்று பொருள். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ல் 42-வது திருத்தம் கல்வி, காடு, வன விலங்குகள், எடை அளவுகள், நீதி நிர்வாகம் என ஐந்தை அப்படி நகர்த்தியது. மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு பற்றி இன்றைக்கு நடக்கும் சண்டைகளில், மாநிலம் சட்டம் போட்டுவிட்டுக் குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த 1976 திருத்தம் இன்னொன்றையும் காட்டுகிறது. பட்டியலை மாற்ற இந்தியாவில் நாடாளுமன்றம் மட்டும் போதாது, பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும், பிரிவு 368 சொல்வது அது. பூட்டு இருந்தது. மாநிலங்கள் தாங்களே ஒப்புதல் கொடுத்தன! பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டது டெல்லியில் ஆண்ட அதே கட்சி, கட்சித் தலைமை சொன்னதை மீறும் துணிச்சல் எந்த முதல்வருக்கும் இல்லை, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். மாநிலங்களின் சம்மதம் என்று அரசியலமைப்பு எழுதும்போது, சம்மதமா மறுப்பா என்று சுயமாக முடிவெடுக்கிற மாநில அரசியல் அங்கே இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறது. கட்சிகள் எப்படி இருக்கின்றன என்பது எந்தப் பிரிவிலும் வராது, ஆனால் பல பிரிவுகளின் பலத்தை அதுதான் தீர்மானிக்கிறது.

பூட்டுகளில் ரொம்ப இறுக்கமானவை ஆஸ்திரேலியாவிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ளவை, ஏனென்றால் அங்கே சாவி மக்களின் கையில். ஆஸ்திரேலியாவில் திருத்தம் நிறைவேற நாடு முழுக்கப் பெரும்பான்மை வேண்டும், ஆறு மாநிலங்களில் நான்கிலாவது தனித்தனியாகப் பெரும்பான்மையும் வேண்டும். 1977-ல் இரு அவைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் திருத்தத்துக்கு நாட்டில் 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், ஆனால் மூன்று மாநிலங்களில்தான் அது ஜெயித்தது, தோற்றுப்போனது. 1901 முதல் 2023 வரை மக்கள் முன் வைத்த 45 திருத்தங்களில் நிறைவேறியவை எட்டே எட்டு. சுவிட்சர்லாந்திலும் இதே இரட்டைப் பெரும்பான்மை. 2020-ல் வெளிநாடுகளில் தொழில் செய்யும் சுவிஸ் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய திருத்தம் மக்கள் வாக்கில் 50.7 சதவீதம் வாங்கியும் பெரும்பான்மை கேன்டன்கள், அதாவது அங்குள்ள மாநிலங்கள், ஏற்காததால் விழுந்தது. சிறிய கேன்டனில் இருக்கும் ஒருவரின் வாக்குக்கு இவ்வளவு எடையா என்ற கோபம் நியாயமானதே. ஆனால் மக்கள்தொகையை மட்டும் எண்ணினால் சிறிய அலகுகள் இந்தக் கூட்டில் சேர்ந்திருக்கவே மாட்டா, சேரும்போது கொடுத்த வாக்கு அது.

கனடாவின் பூட்டுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1867 சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்டது, அதைத் திருத்தும் வழி அதில் எழுதப்படவே இல்லை. லண்டனிடமிருந்து அரசியலமைப்பை முழுதாகத் தன் கைக்குக் கொண்டுவர மத்திய அரசு முயன்றபோது, மாகாணங்களின் சம்மதம் இல்லாமல் செய்யலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1981-ல் வந்த பதில் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. சட்டப்படி மத்திய அரசு தனியாகச் செய்யலாம், தடை இல்லை. ஆனால் மாகாணங்களில் கணிசமானவற்றின் சம்மதம் இல்லாமல் செய்வது இந்த நாட்டின் அரசியலமைப்பு மரபுக்கு விரோதம். மரபை மீறினால் நீதிமன்றம் தடுக்காது, ஆனால் மீறல் என்று உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது. மத்திய அரசு திரும்பிப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்தியது, பத்தில் ஒன்பது மாகாணங்கள் ஒத்துக்கொண்டன, கியூபெக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 1982-ல் அரசியலமைப்பு அப்படியே நடைமுறைக்கு வந்தது, கியூபெக்கையும் அது கட்டுப்படுத்துகிறது. அந்தக் காயத்தை ஆற்ற எடுத்த இரண்டு பெரிய முயற்சிகள் 1990-லும் 1992-லும் தோற்றன.

இனி நான் மற்ற எல்லாவற்றையும்விட அடிப்படையானது என்று நினைக்கும் கேள்வி. மாநிலத்தின் அதிகாரத்தை விடுங்கள், மாநிலத்தையே வெட்டவோ ஒட்டவோ அழிக்கவோ மத்திய அரசால் முடியுமா? அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயம். உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியா பிரிந்துபோய் எதிர் அணியில் சேர்ந்தது, அதன் மேற்கு மாவட்டங்கள் ஒன்றியத்தோடு இருக்க விரும்பின. எதிரி மாநிலம்தானே, வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று வாஷிங்டன் நினைக்கவில்லை. வீலிங் நகரத்தில் விசுவாசிகள் அமைத்த அரசை உண்மையான வர்ஜீனியா அரசு என்று அங்கீகரித்து, அதனிடம் சம்மதம் வாங்கி, 1863-ல்தான் மேற்கு வர்ஜீனியா உருவானது. அந்தச் சம்மதம் எவ்வளவு உண்மையானது என்று இன்றும் கேட்கலாம், ஆனால் போர் நடக்கும்போதுகூட அந்தப் பிரிவைத் தாண்டிப்போக யாரும் துணியவில்லை. ஜெர்மனியில் பெர்லினையும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கையும் ஒன்றாக்க இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புக்கொண்ட பிறகும் மக்களிடம் போக வேண்டியிருந்தது. 1996-ல் பெர்லின் சரி என்றது, பிராண்டன்பர்க் வேண்டாம் என்றது, இன்றைக்கும் அவை தனித்தனி மாநிலங்கள்.

சுவிட்சர்லாந்து இதில் காட்டும் பொறுமை இன்னும் ஒரு படி மேல். பெர்ன் கேன்டனில் பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதி தனியாகப் போக 1974-ல் வாக்களித்தது, 1978-ல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது, 1979 ஜனவரி 1 அன்று புதிய கேன்டன் பிறந்தது. ஜூராவின் தெற்கு மாவட்டங்கள் பெர்னோடு தங்கிவிட்டன, மூட்டியே என்ற சுமார் 7,000 பேர் வாழும் ஊரும் அதில் சேர்த்தி. அந்த ஊர் 2017-ல் ஜூராவுக்குப் போக வாக்களித்தது, முறைகேடு என்று அந்த வாக்கெடுப்பு ரத்தானது, 2021-ல் கூட்டரசின் பார்வையாளர்கள் முன்னிலையில் மறுபடி வாக்களித்து, 2026 ஜனவரி 1 அன்று கேன்டன் மாறியது.

இந்தியாவின் பிரிவு 3 இதற்கெல்லாம் நேர் எதிர். நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரையும் மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அந்தக் கருத்துப்படி நடக்க வேண்டும் என்பதில்லை. இப்படி எழுதியதற்கு 1950-ல் காரணம் இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களும் பிரிட்டிஷ் மாகாணங்களும் ஒட்டுப்போட்டு நின்ற வரைபடம் அது, ஒவ்வொருவர் சம்மதத்துக்கும் காத்திருந்தால் 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்தச் சூழல் போன பிறகும் பிரிவு அப்படியே இருக்கிறது. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது, ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது, பல பத்தாண்டுகள் பழையது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வழிமுறைதான் உறுத்துகிறது. 2019-ல் அது இன்னும் ஒரு படி போனது. ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த நேரம், கருத்துச் சொல்ல மாநிலத்தில் சட்டமன்றமே இல்லை, அந்த இடத்திலும் நாடாளுமன்றமே நின்றுகொண்டு, ஒரு முழு மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக மாறியது. பட்டியலில் 66 அதிகாரங்கள் இருந்து என்ன, அதிகாரத்தை வைத்திருக்கும் அலகே சாதாரணப் பெரும்பான்மையில் மறையலாம் என்றால்? இந்தப் பிரிவில் மாநிலத்தின் சம்மதம் என்று திருத்தம் வர வேண்டும் என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மத்தியில் சட்டம் உருவாகும்போதே மாநிலங்கள் குரல் கொடுக்க ஓர் அவை வைப்பது இன்னொரு ஏற்பாடு. பல நாடுகளில் அது பெயரளவுக்குத்தான். அமெரிக்க செனட்டர்களை 1913 வரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன, இப்போது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் மாநில அரசுக்குப் பதில் சொல்வதில்லை. இந்திய மாநிலங்களவைக்குப் போட்டியிட அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2003-ல் போயிற்று. ஜெர்மனியின் பன்டஸ்ராட் மட்டும் வேறு வகை, அங்கே உட்காருவது மாநில அமைச்சர்களே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று முதல் ஆறு வாக்கு, அதை ஒட்டுமொத்தமாக ஒரே பக்கம் போட வேண்டும். 2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்டத்தின் மீது வாக்கெடுப்பு, முடிவு பிராண்டன்பர்க்கின் நான்கு வாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே சமூக ஜனநாயகக் கட்சியும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் கூட்டணி. ஓர் அமைச்சர் ஆம் என்றார், கூட்டணிக் கட்சியின் அமைச்சர் ஷோன்போம் இல்லை என்றார். அவைத் தலைவர் வோவரைட் முதல்வர் ஸ்டோல்பேயைப் பார்த்துக் கேட்க, அவர் ஆம் என்றார், ஷோன்போம் “என் கருத்து உங்களுக்குத் தெரியும்” என்றார். அவைத் தலைவர் ஆம் என்று எண்ணிக்கொண்டார், அவையில் ஒரே கூச்சல். அந்த ஆண்டு டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், வாக்கு ஒன்றாக விழவில்லை, ஆகவே அது ஆம் ஆகாது என்று சொல்லிச் சட்டத்தையே செல்லாததாக்கியது. நாடு முழுமைக்குமான ஒரு சட்டம் ஒரு மாநில அமைச்சரின் ஒரு சொல்லில் விழ முடிகிறது என்றால் அந்த அவைக்கு உண்மையிலேயே எடை இருக்கிறது என்று பொருள்.

பணம் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் சொந்தமாக வருமான வரி வசூலித்துவந்தன, அரசியலமைப்பு அதைத் தடுக்கவில்லை, இன்றும் தடுக்கவில்லை. 1942-ல், போர் நடுவில், மத்திய அரசு தன் வருமான வரியை மிக உயரத்தில் வைத்தது, மாநிலங்கள் தங்கள் வரியைக் கைவிட்டால் ஈடாக மானியம் தருவதாகச் சொன்னது. மாநிலம் அதற்கு மேல் வரி போட்டால் மக்கள் தாங்க மாட்டார்கள், போடாவிட்டால்தான் மானியம். மாநிலங்கள் வழக்குப் போட்டன, தோற்றன, 1957-ல் மறுபடி வழக்குப் போட்டும் அடிப்படை மாறவில்லை. அரசியலமைப்பில் ஒரு கமாவும் மாறாமல் மாநிலங்களின் மிகப் பெரிய வருவாய் கை மாறிவிட்டது. அமெரிக்காவில் மதுவைக் குறித்த அதிகாரம் மாநிலங்களுடையது, ஆனால் குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் பிடித்தம் என்று 1984-ல் மத்தியச் சட்டம் வந்தது, 1987-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது, எல்லா மாநிலங்களும் வயதை உயர்த்திவிட்டன. இந்தியாவில் ஜிஎஸ்டி கவுன்சிலில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு எடை, முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டால், எல்லா மாநிலங்களும் சேர்ந்து நின்றாலும் ஒன்றியம் மறுத்தால் எதுவும் நிறைவேறாது. அந்தக் கவுன்சிலின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மாநிலங்களுக்குப் பேரம் பேசக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. வரியாக வாங்காமல் செஸ், கூடுதல் வரி என்று ஒன்றியம் வாங்கினால் அது மாநிலங்களோடு பங்கிட வேண்டிய தொகையில் சேராது என்பது பிரிவு 270-லேயே இருக்கிறது.

கடைசியாக நெருக்கடிக் கதவு. கனடா அரசியலமைப்பில், மாகாணம் போட்ட எந்தச் சட்டத்தையும் ஒரு வருடத்துக்குள் மத்திய அரசு ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. 112 தடவை பயன்படுத்தினார்கள், கடைசியாக 1943-ல் ஆல்பர்ட்டா சட்டம் ஒன்றின் மீது. அதன் பிறகு எந்த அரசும் தொடவில்லை. பிரிவு இன்றும் அச்சில் இருக்கிறது, ஆனால் பயன்படுத்தினால் அரசியல் ரீதியாகத் தாங்க முடியாது என்று எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். இந்தியாவின் பிரிவு 356 மாநில அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர அனுமதிக்கிறது. இது செத்த எழுத்தாகவே இருக்கும் என்று நம்புவதாக அம்பேத்கர் 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். 1959-ல் கேரளாவில் பெரும்பான்மை இருந்த அரசையே கலைக்க அது பயன்பட்டது, அதற்குப் பிறகு நூறு தடவைக்கு மேல் பயன்பட்டுவிட்டது. கனடாவில் அரசியல் தானாகச் செய்ததை இங்கே நீதிமன்றம் செய்ய வேண்டி வந்தது. 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள், பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்றார்கள். நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, காரணம் செல்லாதது என்றால் பதவி இழந்த அரசையே திரும்ப உட்கார வைப்போம் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

அந்தக் கடைசி எச்சரிக்கை 2016 ஜூலையில் அருணாசலப் பிரதேசத்தில் நடந்தே காட்டியது. ஜனவரியில் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, பிறகு வேறொரு முதல்வரும் பதவியேற்று ஆண்டுகொண்டிருந்தார். உச்ச நீதிமன்றம் ஆளுநர் செய்தது செல்லாது, 2015 டிசம்பர் 15 அன்று இருந்த நிலை திரும்ப வேண்டும் என்றது, பதவி இழந்திருந்த நபாம் துக்கி மறுபடியும் முதல்வர் ஆனார். சட்டமன்றத்தில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டிய நாள் வந்தபோது அவர் சொந்தக் கட்சி உறுப்பினர்களே அவரோடு இல்லை. சில நாட்களிலேயே விலகினார், அதே கட்சியின் பேமா காண்டு பதவியேற்றார்.